விளிம்பில் பொறித்த பெயர்

படைவீரர் குடும்பங்களின் நினைவுப் பொருள்களைப் பேணுதலும் காட்சிப்படுத்தலும்

போரில் மாண்ட வீரனுக்குக் கல் நட்டுப் போற்றுதல் தமிழரின் தொன்மையான மரபு. கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல், அதனை நீராட்டி, நட்டு, வாழ்த்துவது வரையிலான செயல்களைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாகப் பகுத்துக் கூறுகிறது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட நடுகற்கள் தமிழ்ப் பிராமி எழுத்துகளைத் தாங்கி நிற்கின்றன. அவற்றுள் ஒன்று, ஆநிரை கவரும் பூசலில் மாண்ட ஒருவனின் பெயரை நமக்குச் சொல்கிறது. அவனுடைய அரசன் யார், அந்தப் பூசலில் வென்றவர் யார், தோற்றவர் யார் என்பன இன்று நமக்குப் பெரிதல்ல. அவன் பெயர் மட்டும் இருபது நூற்றாண்டுகளுக்கு மேலாக அழியாமல் இருக்கிறது. பெயரைக் காப்பதே வீரனைக் காப்பது என்று நம் முன்னோர் கருதினர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

கல் நடும் வழக்கம் மறைந்துவிட்டது. ஆயினும் நடுகல்லின் பணியைச் செய்யும் பொருள்கள் நம் இல்லங்களில் இன்றும் உள்ளன. பரண்மேல் கிடக்கும் டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய வேட்டித் துணியில் சுற்றிவைத்த ஒரு பதக்கம். மடிப்புகளில் கிழிந்துபோன படைவிலகல் சான்றிதழ். பழுப்பேறிய ஒரு புகைப்படம். இவற்றை எவ்வாறு பேணுவது, எவ்வாறு பிறர் காண வைப்பது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இல்லங்களில் இருப்பவை யாவை?

முதல் உலகப்போரில் ஏறத்தாழ 13 இலட்சம் இந்தியர் பணிபுரிந்தனர். அவர்களுள் சுமார் 74,000 பேர் மாண்டனர். இரண்டாம் உலகப்போரின்போது இந்தியப் படையின் எண்ணிக்கை 25 இலட்சமாக உயர்ந்தது. மாண்டவர் சுமார் 87,000 பேர். இத்தொகையில் தமிழ் நிலத்திற்கும் கணிசமான பங்குண்டு. வேலூர் நகரின் நீள்கடைவீதி மணிக்கூண்டில், அவ்வூரிலிருந்து 277 பேர் 1914–19 போருக்குச் சென்றனர் என்றும், அவர்களுள் 14 பேர் உயிர் ஈந்தனர் என்றும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டை என்னும் சிற்றூரை மக்கள் 'இராணுவப்பேட்டை' என்றே அழைக்கின்றனர். தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிய ஊர் அது.

அக்கால மெட்ராஸ் படையின் அணிகள் சில நம் ஊர்களின் பெயர்களையே தாங்கியிருந்தன. பாளையங்கோட்டை இலகு காலாட்படை, வாலாஜாபாத் இலகு காலாட்படை என்னும் பெயர்களைக் காண்க. பாளையங்கோட்டை அணியினர் 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் போரிட்டனர். தமிழரும் தெலுங்கரும், இந்துக்களும் முஸ்லிம்களும் கிறித்தவர்களும், ஒடுக்கப்பட்ட சமூகத்தினரும் அப்படையில் பணிபுரிந்தனர். ஆகவே இந்தப் பொருள்கள் எந்த ஒரு சமூகத்தாருக்கும் மட்டும் உரியன அல்ல. ஒரே தெருவின் எதிரெதிர் வீடுகளில் ஒரே வகைப் பதக்கங்கள் இருக்கக்கூடும்.

பெயரைப் படிக்கும் முறை

முதல் உலகப்போருக்காக வழங்கப்பட்ட பதக்கங்களுள் பெரும்பாலான இல்லங்களில் காணப்படுவன இரண்டு. ஒன்று வெள்ளியாலான பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். மற்றொன்று வானவில் நிறப் பட்டியில் தொங்கும் வெண்கல வெற்றிப் பதக்கம். இவற்றின் முகப்பில் உள்ள அரச உருவத்தையும் தேவதை உருவத்தையும் கண்டு பலர் வியப்பர். ஆனால் வரலாறு முகப்பில் இல்லை, விளிம்பில் இருக்கிறது. பதக்கத்தைச் சாய்த்து, ஒளி பக்கவாட்டில் விழுமாறு பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் விளிம்பைச் சுற்றி நோக்கினால் சிறிய ஆங்கில எழுத்துகள் தென்படும். படை எண், பதவி, பெயர், அணி ஆகிய நான்கும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். பதவிகளும் அணிப் பெயர்களும் சுருக்கமாக எழுதப்பட்டிருப்பதுண்டு. 'எஸ்.பி.ஆர்.' என்பது சாப்பர் எனப்படும் பொறியியற்படை வீரரைக் குறிக்கும்.

இந்நான்கனுள் எண்ணே முதன்மையானது எனலாம். நம்மவர் பெயர்களை ஆங்கில எழுத்தர்கள் தத்தம் செவிக்குத் தோன்றியவாறு எழுதினர். ஒருவரின் பெயரே பதக்கத்தில் ஒருவாறும், சான்றிதழில் வேறொருவாறும், ஓய்வூதியத் தாளில் மற்றொருவாறும் இருப்பதைக் காணலாம். பெயர் மாறினாலும் எண் மாறாதிருந்தால் மூவரும் ஒருவரே என்று துணியலாம்.

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் வீரர்களுக்குத் தரப்பட்ட பொதுப் பதக்கங்களில் பெயர் பொறிக்கப்படவில்லை. இந்தியப் படையினர் பெற்றவை பலவற்றிலோ எண்ணும் பெயரும் உள்ளன. அவற்றுள் ஆறுமுனை விண்மீன் வடிவில் அமைந்தவை, வீரர் எந்தப் போர்க்களத்தில் இருந்தார் என்பதைச் சொல்லிவிடும். ஆப்பிரிக்க விண்மீன் 1940 ஜூன் முதல் 1943 மே வரை வடஆப்பிரிக்கப் பகுதியில் பணிபுரிந்ததைக் காட்டும். பர்மா விண்மீன் 1941 டிசம்பர் முதல் 1945 செப்டம்பர் வரையிலான பர்மாப் போரையும், இத்தாலி விண்மீன் 1943 ஜூன் முதல் 1945 மே வரையிலான இத்தாலியப் போரையும் சுட்டும். மலாயாவில் போரிட்டவர்க்குப் பசிபிக் விண்மீன் உரியது. பட்டியின் நிறங்களுக்கும் பொருளுண்டு. 1939–45 விண்மீனின் பட்டியில் கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் என மூன்று நிறங்கள் சம அகலத்தில் அமைந்து, கப்பற்படை, தரைப்படை, வான்படை ஆகிய மூன்றையும் குறிக்கின்றன. எனவே, 'தாத்தா எங்கோ வெளிநாட்டில் சண்டைக்குப் போனாராம்' என்று மட்டும் அறிந்த குடும்பம், பெட்டியில் உள்ள ஒரு விண்மீனைக் கொண்டே அவர் சென்ற நாட்டையும் காலத்தையும் ஓரளவு அறிந்துகொள்ள இயலும்.

யாருடைய போர், யாருடைய பெருமை?

இங்கு மாணவர்கள் உள்ளத்தில் ஒரு வினா எழுவது இயல்பே. அந்நிய அரசுக்காகப் போரிட்டுப் பெற்ற பதக்கத்தை நாம் ஏன் போற்ற வேண்டும்? இவ்வினாவை ஒதுக்கிவிட்டு மேற்செல்லுதல் நேர்மையாகாது.

நாம் போற்றுவது முகப்பில் உள்ள அரசனை அன்று. விளிம்பில் உள்ள மனிதனை. வறுமையும் கடனும் பஞ்சமும் பலரைப் படைக்கு அனுப்பின. குடும்ப மரபும் சிலரை அனுப்பியது. அவர்கள் தம் மானத்தை விற்றுவிட்டவர்களும் அல்லர். தலைப்பாகைக்குப் பதிலாகத் தோல் சின்னம் பதித்த புதிய தொப்பியை அணியவும், சமயக் குறிகளை நீக்கவும், தாடியை மழிக்கவும் ஆணையிடப்பட்டபோது, இதே மெட்ராஸ் படையின் முஸ்லிம் வீரர்களும் இந்து வீரர்களும் 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் ஒன்றாகக் கிளர்ந்தெழுந்தனர். சீருடை வெறும் துணி அன்று என்பதை அவ்வரலாறு உணர்த்தும். இரண்டாம் உலகப்போரில் சிங்கப்பூரில் சிறைப்பட்ட இந்திய வீரர்கள் பலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர், சேராதவரும் பலர். ஒரே குடும்பத்தில் இருதரப்பு நினைவுகளும் இருக்கலாம். அவற்றுள் ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் காட்டுவது முறையன்று. இரண்டையும் அருகருகே வைப்பதே வரலாற்றுக்கு நாம் செய்யும் மரியாதை.

வீரம் எக்கொடியின் கீழ் நிகழ்ந்தாலும் வீரமே என்பதற்குக் காஞ்சிபுரம் பகுதியைச் சேர்ந்த கீழ் ஒட்டிவாக்கம் சுபேதார் சுப்பிரமணியன் சான்றாவார். மெட்ராஸ் சாப்பர்ஸ் அணியினரான அவர், இத்தாலியின் மிஞ்ஞானோ அருகே 1944 பிப்ரவரி 24 அன்று கண்ணிவெடி ஒன்றன்மேல் தம் உடலையே கிடத்தித் தம் தோழர்களைக் காத்து உயிர் துறந்தார். அவருக்கு மறைவுக்குப்பின் ஜார்ஜ் சிலுவை விருது வழங்கப்பட்டது. அன்று அவர் காத்தது பேரரசை அன்று. அருகில் நின்ற மனிதர்களை.

விடுதலைக்குப் பிந்திய போர்களின் பதக்கங்களும் இன்று பல இல்லங்களில் உள்ளன. 1965-ஆம் ஆண்டுப் போருக்கான சமர் சேவா விண்மீன், 1971-ஆம் ஆண்டுப் போருக்கான பூர்வி விண்மீன், பஸ்சிமி விண்மீன், சங்கிராம் பதக்கம் ஆகியன அவற்றுட் சில. இவற்றைப் பெற்றோருள் பலர் முதுமை எய்திவிட்டனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளும் வாய்ப்பு நமக்கு இன்னும் இருக்கிறது.

துலக்குதல் வேறு, பேணுதல் வேறு

நினைவுப் பொருள்களுக்குப் பகையாவன இரண்டு. ஒன்று புறக்கணிப்பு, மற்றொன்று அளவுகடந்த அன்பு. இரண்டாவது முதலாவதினும் கொடியது என்றால் மிகையாகாது.

வெள்ளி கறுப்பதற்குக் காரணம், காற்றில் சிறிதளவு கலந்துள்ள கந்தகச் சேர்மங்கள் அதன் மேற்பரப்புடன் வினைபுரிந்து வெள்ளி சல்பைடு என்னும் படலத்தை உண்டாக்குவதே. அக்கறுப்பைப் போக்க நம் வீடுகளில் புளி, சாம்பல், செங்கற்பொடி, பற்பசை, கடையில் விற்கும் மெருகுப் பசை ஆகியவற்றால் தேய்ப்பது வழக்கம். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் கறுத்த படலத்தோடு வெள்ளியின் மெல்லிய ஏடும் போய்விடுகிறது. நாளடைவில் விளிம்பு எழுத்துகள் மழுங்கி, இறுதியில் மறைந்தே போகின்றன. ஆண்டுதோறும் குடியரசு நாளுக்கு முன்தினம் தாத்தாவின் பதக்கத்தைப் பளபளவென்று துலக்கும் பேரன், அவருடைய பெயரையே சிறிது சிறிதாக அழித்துக்கொண்டிருக்கிறான். பளபளப்பு வேறு, பெருமை வேறு. பெயர் தெரியாத பளபளப்பான பதக்கத்தைக் காட்டிலும், பெயர் தெளிந்த கறுத்த பதக்கமே மதிப்புடையது.

ஆகவே பின்வரும் முறை போதுமானது. முதலில் பதக்கத்தின் இருபுறத்தையும் விளிம்பையும் புகைப்படம் எடுத்துக்கொள்க. பட்டியைக் கழற்றித் தனியே வைக்க. மென்மையான தூரிகையால் தூசியை அகற்றுக. பிசுக்கு இருந்தால், வாலை வடிநீரில் ஒரு துளி மென்மையான சோப்புக் கரைசல் கலந்து பஞ்சால் ஒற்றி எடுத்து, மீண்டும் வடிநீரால் துடைத்து, நன்கு உலர்த்துக. அதற்குமேல் ஒன்றும் செய்ய வேண்டுவதில்லை. கையின் வியர்வையிலுள்ள உப்பு உலோகத்தை அரிக்குமாதலின், பருத்திக் கையுறை அணிந்தோ விளிம்பை மட்டும் பற்றியோ கையாள வேண்டும்.

வெண்கலத்தில் படியும் செம்பழுப்பு நிறம் அதற்கு ஒரு காப்புப் போர்வையாகும், அதனை நீக்கலாகாது. ஆனால் வெளிர்பச்சை நிறத்தில் பொடிபொடியாக உதிரும் புள்ளிகள் தோன்றினால் எச்சரிக்கை தேவை. உப்பும் ஈரமும் சேர்ந்து உண்டாக்கும் இவ்வரிப்பைப் பாதுகாப்பு இயலார் 'வெண்கல நோய்' என்பர். கடற்கரை ஊர்களில் இது எளிதில் வரும். அப்பொருளைத் தனிமைப்படுத்தி, உலர்ந்த இடத்தில் வைத்து, துறை வல்லுநரிடம் காட்ட வேண்டும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் முறைப் பாதுகாப்பு ஆய்வகம் 1930-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது என்பதை நம் மாணவர்கள் அறிதல் நன்று. இத்துறை நமக்குப் புதியதன்று.

மற்றொன்றும் கூற வேண்டும். 1979–80-இல் உலகச் சந்தையில் வெள்ளியின் விலை திடீரென உயர்ந்தபோது, பிரிட்டனில் எண்ணற்ற வெள்ளிப் போர்ப் பதக்கங்கள் உலோக மதிப்புக்காக உருக்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் அவுன்ஸ் எடை. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். வெள்ளி மீண்டும் கிடைக்கும்; பெயர் கிடைக்காது. இப்பதக்கத்தின் வெண்கல வடிவமும் உண்டு. தொழிலாளர் படையில் சுமை தூக்கியும் பாதை அமைத்தும் உழைத்த இந்தியர், சீனர், மால்ட்டா நாட்டினர் ஆகியோருக்கு அது வழங்கப்பட்டது. ஏறத்தாழ 1,10,000 பேர் மட்டுமே பெற்ற அப்பதக்கம், வெள்ளி அன்று என்பதால் பழைய பித்தளையோடு எடைக்குப் போவதுண்டு. துப்பாக்கி ஏந்தாதவரின் உழைப்புக்கு எஞ்சியிருக்கும் சான்று அது ஒன்றே என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

தாளும் துணியும்

உலோகத்தைக் காட்டிலும் தாள் மெலிந்தது. ஆயினும் செய்தி மிகுந்தது. படைவிலகல் சான்றிதழில் பிறந்த ஊர், தந்தை பெயர், உயரம், அங்க அடையாளம், பணிக்காலம், நன்னடத்தைக் குறிப்பு ஆகியன இருக்கும். ஒருவருடைய முகத்தை நாம் பார்த்திராவிடினும் அவர் உயரத்தையும் தழும்பையும் அத்தாள் நமக்குக் காட்டுகிறது.

கிழிந்த தாளைக் காப்பதாக எண்ணி அதனை இரு பிளாஸ்டிக் ஏடுகளுக்கிடையே வெப்பத்தால் ஒட்டி லேமினேஷன் செய்துவிடுவோர் பலர். இதனினும் தவறான செயல் இல்லை. அவ்வெப்பம் தாளைத் தளர்த்துகிறது. உருகிய பசை இழைகளுக்குள் புகுந்துவிடுகிறது. தாளுக்குக் கேடு நேராமல் அதனை மீண்டும் பிரித்தெடுத்தல் இயலாததாகிறது. பாதுகாப்பு இயலின் முதல் விதி, இன்று நாம் செய்வதை நாளை ஒருவர் நீக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது. லேமினேஷனும் செலோடேப்பும் இவ்விதிக்கு மாறானவை. தாளை மெல்ல விரித்து, அமிலமற்ற தாளுறையில் தட்டையாக வைத்து, உறையின் மேல் பென்சிலால் குறிப்பெழுதி வைப்பதே போதுமானது. புகைப்படங்களுக்கும் இதுவே முறை. பசைத் தாள் ஆல்பங்களில் அவற்றை ஒட்டலாகாது.

பூச்சிகளைத் தடுக்க நம் முன்னோர் கண்ட வழிகளும் உதவும். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு முதலியவற்றைப் பொடித்துத் துணியில் முடிந்து சுவடிகளுக்கிடையே வைப்பது பழைய வழக்கமாகும். அம்முடிச்சு தாளின் மீது நேரே படாமல் பெட்டியின் மூலையில் இருத்தல் நலம். பெட்டியைத் தரையில் வையாமல் உயர்த்தி வைத்து, ஆண்டுக்கு இருமுறையேனும் திறந்து பார்த்தால் கறையானும் இராமபாணமும் அண்டா.

சீருடையைச் சலவைக்குப் போடுதல் கூடாது. வியர்வைக் கறையும், ஒட்டுத் தையலும், மாற்றிவைத்த பொத்தானும் அதனுடைய வரலாற்றின் பகுதிகள். நிழலில் காற்றாட விரித்து, தூசியை மென்மையாக அகற்றி, கஞ்சியிடாத வெண்பருத்தித் துணியில் சுற்றி, மடிப்பு விழும் இடங்களில் அதே துணியைச் சுருட்டி வைத்துப் பேணலாம். பதக்கப் பட்டியையும் துவைக்கலாகாது. சாயம் ஒன்றோடொன்று கலந்துவிடும். பழைய பட்டி நைந்திருந்தால் புதிய பட்டியில் பதக்கத்தைத் தொங்கவிட்டு, பழையதை உறையிலிட்டு உடன் வைக்க வேண்டும்.

காட்சிக்கு வைத்தல்

காப்பதன் பயன் காண்பதில் இருக்கிறது. பெட்டிக்குள் பூட்டிய பெயர் பிள்ளைகளின் செவியை எட்டாது. ஆதலின் காட்சிப்படுத்தலும் கடமையே. அதற்கு ஆழமுள்ள கண்ணாடிப் பேழை ஏற்றது. பொருள் கண்ணாடியைத் தொடாதிருக்குமாறு இடைவெளி விட வேண்டும்; தொட்டால் ஈரம் படிந்து ஒட்டிக்கொள்ளும். பேழையின் உட்புறத்தில் ஒட்டுப்பலகை, ரப்பர், கம்பளித் துணி ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். அவற்றிலிருந்து வெளிப்படும் ஆவிகள் உலோகத்தைக் கெடுக்கும். குறிப்பாக ரப்பரும் கம்பளியும் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். துவைத்த பருத்தித் துணியை விரித்து, பதக்கங்களைப் பசையால் ஒட்டாமல் நூலால் தைத்து நிறுத்தலாம். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகளை ஒரு சிறு பையிலிட்டு மறைவாக வைத்தால் நன்று.

பேழையை எங்கே மாட்டுவது? வெயில் படும் சுவரும், சமையலறையை ஒட்டிய சுவரும், மழைக்காலத்தில் ஈரம் ஊறும் வெளிச்சுவரும் ஆகா. துணிக்கும் தாளுக்கும் 50 லக்ஸ் அளவுக்கு மேற்பட்ட ஒளி கூடாது என்பது அருங்காட்சியகங்கள் பின்பற்றும் நெறி. வெயிலொளியோ அதனினும் பல நூறு மடங்கு மிக்கது. எனவே சான்றிதழ், புகைப்படம் ஆகியவற்றின் நல்ல படிகளை எடுத்துப் பேழையில் வைத்து, மூலத்தை இருளில் பேணுவதே அறிவுடைமை.

பழைய துப்பாக்கி, தோட்டா முதலியன கிடைத்தால் அவற்றை விளையாட்டாகக் கையாளுதல் கூடாது. அவை படைக்கலச் சட்டம், 1959-க்கு உட்பட்டவை. காவல் நிலையத்தாரிடம் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த கலை, வரலாற்றுப் பொருள்களை நாட்டிற்கு வெளியே கொண்டுசெல்வதை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் கட்டுப்படுத்துகிறது. முதல் உலகப்போர்க் காலப் பொருள்கள் இப்போது நூறாண்டைக் கடந்துவிட்டன என்பதை, வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்கு விற்க எண்ணுவோர் உணர வேண்டும்.

பேழையில் இருக்க வேண்டிய இன்றியமையாத பொருள் ஒன்றுண்டு. அது பெயர்ச்சீட்டு. தமிழில், வீட்டுக் குழந்தையும் படிக்கத்தக்க எழுத்தில், வீரரின் பெயர், படை எண், பதவி, அணி, பிறந்த ஊர், பணிக்காலம், சென்ற நாடுகள், திரும்பிய அல்லது மறைந்த ஆண்டு ஆகியவற்றை எழுத வேண்டும். அப்பொருளை இத்தனை காலம் காத்துவந்த தாய், பாட்டி, மகள் ஆகியோரின் பெயர்களையும் அதே சீட்டில் எழுத வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள். வீரர் போர்க்களத்தில் இருந்த ஆண்டுகளில் குடும்பத்தைக் காத்தவரும், அவர் மறைந்தபின் பெட்டியைக் காத்தவரும் பெண்டிரே. அவர்கள் பெயரைப் பொறிக்க எந்த அரசும் பதக்கம் அடித்ததில்லை.

கேட்டதும் கண்டதும்

குடும்பத்தில் வழங்கும் செய்திகள் காலப்போக்கில் வளர்வதுண்டு. சமையற் பணியாளர் சிப்பாயாகவும், சிப்பாய் சுபேதாராகவும் உயர்ந்துவிடுவர். இது அன்பின் விளைவே. ஆயினும் வரலாறு ஆகாது. பெயர்ச்சீட்டில் ஆவணம் கூறுவதைத் தனியாகவும், குடும்பத்தில் கேட்டதைத் 'குடும்பச் செய்தி' என்று குறித்துத் தனியாகவும் எழுதுவதே முறை. களத்தில் சோறு சமைத்தவரின் பணிக்கு எவ்வகைக் குறைவும் இல்லை. இல்லாத பதவியை அவருக்கு ஏற்றுவது, இருந்த உழைப்பை இழிவுபடுத்துவதாகும்.

மாண்டவர்களைப் பற்றி அறிய விழைவோர்க்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேடுகள் இணையத்தில் உள்ளன. பெயரையோ எண்ணையோ கொண்டு தேடலாம். கல்லறை அறியப்படாத வீரர்களின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி, பர்மாவின் தௌக்கியான் முதலிய இடங்களின் நினைவுச் சின்னங்களில் பொறிக்கப்பட்டுள்ளன. சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்திலும் இரு உலகப்போர்களுக்கும் உரிய நினைவுச் சின்னங்கள் உள்ளன. மாணவர்கள் ஒருமுறையேனும் சென்று காணத்தக்க இடம் அது. பணியாற்றித் திரும்பியவர்களைப் பற்றி அறிய மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தையும், வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தையும் அணுகலாம்.

கல்லூரியும் சமுதாயமும் செய்யத்தக்கன

இப்பணியில் தமிழ்த்துறைக்கு என்ன இடம் என்று வினவுவோர் இருக்கலாம். பழைய கையெழுத்தைப் படிப்பதும், வாய்மொழிச் செய்தியைப் பதிவு செய்வதும், பிழையின்றி எழுதுவதும் எம் துறை மாணவர்களின் பயிற்சிகள் அல்லவா? சில முஸ்லிம் இல்லங்களில் குடும்பக் குறிப்புகள் அரபுத்தமிழில் எழுதப்பட்டுள்ளன. அவ்வெழுத்தைப் படிக்கவல்ல முதியோர் குறைந்துவருகின்றனர். அவர்கள் படிக்க, மாணவர்கள் தமிழெழுத்தில் பெயர்த்தெழுத வேண்டிய காலம் இதுவே. ஜமாஅத்துகளின் திருமணப் பதிவேடுகளும், தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளும், ஊர்ப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளும் ஒருவருடைய பெயரையும் தந்தை பெயரையும் உறுதிசெய்ய உதவும் சான்றுகள்.

நினைவைப் புதுப்பித்தல் தனியொருவர் கடமை மட்டும் அன்று. 1948 ஜூலை 3 அன்று காஷ்மீர் முனையில் ஜங்கர் என்னுமிடத்தில் வீரமரணம் எய்திய பிரிகேடியர் முகம்மது உஸ்மான் மகாவீர் சக்கர விருது பெற்றவர். தில்லியில் ஜாமியா மில்லியா இஸ்லாமியாவை ஒட்டிய அடக்கத்தலத்தில் உள்ள அவருடைய கல்லறை சிதைந்திருந்தது 2020 டிசம்பரில் தெரியவந்தது. அதன்பின் இந்தியத் தரைப்படை அதனைச் சீரமைத்தது. நாடறிந்த வீரரின் கல்லறைக்கே இந்நிலை நேருமாயின், ஊரறியாத சிப்பாயின் பெட்டிக்கு என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பிரிகேடியரின் கல்லறையைச் சீரமைக்கத் தரைப்படை இருந்தது. சிப்பாயின் பெட்டிக்கு அவர் குடும்பத்தைத் தவிர வேறு எவரும் இலர்.

1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7 கொடிநாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாளில் சிறுகொடி வாங்கிச் சட்டையில் குத்திக்கொள்வதோடு நம் கடமை முடிந்துவிடுகிறது. அதே நாளில் கல்லூரி நூலகத்தில் ஒரு நாள் கண்காட்சி வைக்கலாம். மாணவர்கள் தத்தம் இல்லங்களிலும் அண்டை இல்லங்களிலும் உள்ள பொருள்களின் புகைப்படங்களையும் படிகளையும் பெயர்ச்சீட்டுகளோடு கொணர்ந்து வைக்கலாம். மூலப் பொருள்கள் அவரவர் இல்லங்களிலேயே இருக்கட்டும்; உடைமை மாற வேண்டுவதில்லை. ஊரில் உள்ள முன்னாள் படைவீரர்களை அழைத்து முதல் வரிசையில் அமர்த்தி, அவர்கள் பேச மாணவர்கள் எழுதிக்கொள்ளலாம். ஆண்டுக்குப் பத்துப் பெயர்கள் பதிவானாலும் பத்தாண்டுகளில் நூறு பெயர்களைத் தாங்கிய ஏடு ஒன்று நம் நூலகத்தில் இருக்கும்.

இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு பென்சில், சில தாளுறைகள், வெண்துணி ஒரு முழம், பெரியோர் சொல்வதைக் கேட்கும் பொறுமை ஆகிய இவையே போதும். இவ்விதழைப் படித்து முடிக்கும் அன்பர்கள் தம் இல்லத்துப் பெட்டியை ஒருமுறை திறந்து பார்ப்பாராக. பதக்கம் கறுத்திருந்தால் அதனைத் துலக்க முற்பட வேண்டா. விளிம்பைச் சாய்த்துப் பிடித்து, அங்குள்ள பெயரை முதலில் ஒரு தாளில் எழுதி வைப்பாராக. மற்றவை அதன்பின் தாமே தொடரும்.